கண்கள் நிறைந்த சக்கரம்

மூன்றாவது பாட்டு முடிய இன்னும் இரண்டு சரணம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஜெபம், அறிவிப்பு, அப்புறம் கர்த்தர் செய்ததை எழுந்து சொல்லுகிற சாட்சி வேளை. பியூலா கை தட்டிக்கொண்டே தன் சாட்சியை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். சபையாருக்கு ஸ்தோத்திரம், போன செவ்வாய்க்கிழமை சத்துருவாகிய பிசாசு ஒரு கதைப் புத்தகத்தின் வழியாக என் வீட்டுக்குள் நுழையப் பார்த்தான், நான் கண்டுபிடித்தேன். இல்லை, நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லக் கூடாது, கர்த்தர் என் கண்களைத் திறந்தார் என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை. அப்படிச் சொன்னாலும் கண்டுபிடித்தது யார் என்று கேட்கிறவர்களுக்கு விளங்கிவிடும். பெருமை பாவம் என்பது பியூலாவுக்குத் தெரியாதா என்ன? அதனால் அவள் பெருமைப்படுவதே கிடையாது, ஸ்தோத்திரம் செலுத்துவதோடு சரி. பாளையங்கோட்டையில் டிவி இல்லாத வீடுகளில் தன் வீடும் ஒன்று என்பதற்கு ஸ்தோத்திரம். மகள் கெசியா ஏழு வயதிலேயே நூற்றெழுபத்தாறு வசனமுள்ள சங்கீதத்தை ஒரு இடத்திலும் தடுக்காமல் ஒப்பித்ததற்கு ஸ்தோத்திரம். மனப்பாட வசனப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து முதல் பரிசாக வந்த மூன்று எவர்சில்வர் டிபன் பாக்ஸ்களும் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி அலமாரியில் அடுக்கியிருப்பதற்கும் ஸ்தோத்திரம்தான், அவற்றில் இன்றுவரை யாரும் சோறு கட்டிக்கொண்டு போனதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மடியில் இருக்கும் இந்த வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவள் பதினோரு தரம் வாசித்து முடித்திருந்தாள். முடித்த தேதிகள் பின்னட்டையின் உட்புறத்தில் சிவப்புப் பேனாவில் வரிசையாக இருந்தன. பக்கத்தில் உட்காருகிறவர்கள் தற்செயலாகப் பார்க்கும்படி அந்த அட்டை சில சமயம் தானாகத் திறந்துகொள்ளும்.

தகரக் கூரைக்குக் கீழே ஒன்பது மின்விசிறி சுற்றியும் புழுக்கம் போகவில்லை. பெண்கள் பக்கம் முழுக்க வெள்ளைச் சேலை, வெள்ளை முக்காடு, யார் யாரென்று பின்னாலிருந்து சொல்ல முடியாது, ஆனால் முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளில் கெசியாவின் முதுகு மட்டும் பியூலாவுக்கு எங்கிருந்தாலும் தெரியும். மெலிந்த முதுகு, ஒரு பக்கமாக நழுவுகிற முக்காடு. அவள் இன்று கை தட்டவில்லை. தட்டாமல் இருக்கட்டும், பதினோரு வயதுப் பிள்ளைக்கு வெட்கம் இருக்கத்தான் செய்யும், இன்னும் அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், ஜெபித்து முடித்துவிட்டால் பிள்ளை லேசாகிவிடும், பாஸ்டரம்மா அப்படித்தான் சொன்னார்கள். காலையில் ஸ்கூட்டரில் வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கெசியா ஒன்றே ஒன்று கேட்டாள், எல்லாரும் பாக்க முன்னால நிக்கணுமாம்மா என்று. கர்த்தர் முன்னாலதானட்டி நிக்கப் போற, என்று பியூலா பதில் சொன்னாள். நல்ல பதில்தான். சொன்னபோது நன்றாகவே இருந்தது. இப்போது அது ஏன் பல்லில் மாட்டிய நார்போல நிற்கிறது?

கண். தன் கண்ணைப் பற்றி பியூலாவுக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்குப் பதினான்கு வருஷ சர்வீஸ். காய்ச்சலில் கிடந்த ஒரு பையனுக்கு இரண்டு இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, இவள்தான் மைக்ராஸ்கோப்பில் முக்கால் மணி நேரம் கண்ணை வைத்து, ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் மோதிரம்போல ஒட்டிக்கொண்டிருந்த மலேரியாக் கிருமியைப் பிடித்தாள். டாக்டரே போன் பண்ணி உங்க கண்ணு கண்ணும்மா என்றார். அப்படிப்பட்ட கண்ணோடு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கெசியா மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். மடியில் பள்ளி நூலகத்துப் புத்தகம், தலையணை கனம், அதைப் பலகைபோல வைத்து அதன் மேல் ஒரு தாள். புத்தகத்தின் அட்டையில் சிறகு முளைத்த ஒரு பாம்பு நெருப்பைக் கக்க, அதன் முதுகில் தலைவிரிகோலமாக ஒரு பெண் பறந்துகொண்டிருந்தாள். தாளில் இருந்தது அதைவிட மோசம். ஒரே உடம்பில் நான்கு முகம், மனுஷ முகம், சிங்க முகம், மாட்டு முகம், கழுகு முகம். நான்கு சிறகு, சிறகுக்கடியில் கைகள், ஆனால் காலுக்கு மட்டும் குளம்பு. பக்கத்தில் சக்கரங்கள், சக்கரத்துக்குள் இன்னொரு சக்கரம், வட்டத்தைச் சுற்றிலும் கண்கள், வெறும் புள்ளிகள் அல்ல, இமையும் மயிரும் வைத்து வரைந்த கண்கள், அத்தனையும் பியூலாவையே பார்த்தன. தாளைப் பிடுங்கித் திருப்பினால் பின்பக்கத்தில் அவளுடைய லேபின் பெயர். என் ஆபீஸ் தாளிலேயே! என்னட்டி இது, என்று கேட்டதற்கு கெசியா எழுந்து நின்று சொன்னாள், வேதத்துலதாம்மா இருக்கு. அவ்வளவுதான் சொன்னாள். பியூலாவின் கை தானாக எழும்பிவிட்டது. அடித்த பிறகு சொன்னது மட்டும் இப்போதும் காதில் தெளிவாகக் கேட்கிறது. பதினோரு தரம் வாசிச்சவட்ட வேதத்துல இருக்குன்னு கதை விடுதியா? எனக்குத் தெரியாத வேதமாட்டி?

சரி, அந்த இடத்தில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். சாட்சியில் அடித்ததைச் சொல்லத் தேவையில்லை. புத்தகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், தாய்மார்களுக்கு அதுதான் பிரயோஜனம். மந்திரமும் மாயமும் விளையாட்டுப்போல உள்ளே வந்து பிள்ளைகளின் மனசில் குடித்தனம் பண்ணிவிடும், பிறகு ஜெபம் கசக்கும், வசனம் கசக்கும், அம்மாவே கசப்பாள், இதைத்தான் பியூலா பயந்தாள், பயந்ததில் என்ன தப்பு? பெற்றவளுக்கு இல்லாத பயம் வேறு யாருக்கு? பிள்ளையைக் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைக்கிறோம், கொதிக்கிற பால் பக்கம் விடமாட்டோம், ஆத்துமாவை மட்டும் எப்படிப் போவென்று விடுவது? அவளும் ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்தவள்தான். நாலாம் வகுப்பில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு படக்கதை வாங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள், ஒரு சூனியக்காரனின் குகைக்குள் விளக்கோடு போகிற பெண்ணின் கதை. பாதி வாசிக்கும்போதே அப்பா கண்டுபிடித்து அடுப்பில் போட்டுவிட்டார். அப்பா செய்தது சரி. சரியென்று அவள் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் சில நாள் ஸ்லைடைப் பார்த்துக் கண் களைத்து மூடுகிற நேரத்தில் அந்தப் பெண் விளக்கோடு குகை வாசலில் நிற்பாள், போனவள் திரும்பி வந்தாளா என்பது தெரியாமலேயே போய்விட்டது. இதெல்லாம் சாட்சியில் வராது. கெசியாவின் புத்தகத்தை அடுப்பில் போட முடியவில்லை, பள்ளிக்கூடத்து முத்திரை இருந்தது, புதன்கிழமை தானே நேரில் கொண்டுபோய் நூலக டீச்சரின் மேஜையில் வைத்து, ஐந்து நிமிஷம் நின்று பேசிவிட்டு வந்தாள். நீங்க வாசிச்சீங்களா மேடம், என்று அந்த டீச்சர் கேட்டாள், சின்னப் பெண், கேட்ட விதத்தில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. விஷத்தைக் குடிச்சுப் பாத்தா சொல்லணும், என்று கேட்டுவிட்டு பியூலா நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தாள்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் முழங்கால் படியிட்டார்கள். ஜெபத்தில் கண்ணை மூடினால் மனசு ஒருமுகப்பட வேண்டும், ஆனால் மூடிய கண்ணுக்குள் வந்தது வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். பாஸ்டரம்மா தாளைக் கையில் வாங்கியதும் பிசாசை விரட்டுகிறதுபோல இரத்தம் ஜெயம் என்றார்கள், குளம்பைத் தொட்டுக் காட்டி, குளம்பு இருந்தா அது யாருன்னு தெரியும்லா சிஸ்டர் என்றார்கள். பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். முப்பது வருஷம் ஊழியம் செய்தவர், அவருக்குமே முகம் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாட்சி சொல்லுங்கள், சொன்னதும் பிள்ளையை முன்னால் அழைத்துக் கை வைத்து ஜெபிப்போம், ஆராதனை முடிந்ததும் இந்தத் தாளை அடிபம்பு பக்கத்தில் எரித்துவிடலாம் என்று தீர்மானம் ஆயிற்று. தாள் இப்போது பிரசங்க மேஜையின் தட்டில் இருக்கிறது. முன்னால் அழைத்துக் கை வைத்து ஜெபிப்பது. அது நடந்துவிட்டால் நடந்ததுதான். பாக்குப் போடுகிற பழக்கத்துக்காகப் பத்தொன்பது வயதில் ஜெபிக்கப்பட்ட ரூபன் இன்று இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வங்கியில் வேலை, ஆனால் சபையில் அவன் பேச்சு வந்தால் எந்த ரூபன், பாக்குக்கு ஜெபிச்ச ரூபனா, என்றுதான் கேட்பார்கள். கெசியாவை என்ன சொல்வார்கள்? இரண்டு வருஷம் கழித்து, பத்து வருஷம் கழித்து, பெண் பார்க்க வருகிறவர்களிடம்? பிசாசு படம் வரைஞ்ச பிள்ளைதானே? கணவர் ஜெயசிங் வெள்ளிக்கிழமையே தடுத்துப் பார்த்தார், அதிகம் பேசாத மனுஷர், மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி இறங்கி வருவார், சாப்பிடுவார், ஜெபிப்பார், படுப்பார். அன்றைக்குச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, புள்ள வேதத்துல இருக்குன்னு சொல்லுதால்லா, ஒருக்கா பாத்துட்டுப் பேசு, என்றார். எதைப் பார்ப்பது? எங்கே பார்ப்பது? பதினோரு தரம் பார்த்தாகிவிட்டதே. நீங்க முதல்ல ஒரு தரம் முடிங்க என்று இவள் சொன்னாள், அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார். இப்போது ஆண்கள் பக்கத்தில் தூணுக்கு அடுத்து தலையைக் குனிந்து இருக்கிறார், இவளைப் பார்க்கவே இல்லை.

ஆமென் என்றார்கள். இவளும் ஆமென் என்றாள், எதற்கு என்று தெரியவில்லை. அறிவிப்பு வாசிக்கிறார்கள், புதன் ஜெபம் யார் வீட்டில், வாலிபர் கூடுகை எப்போது. சாட்சியை ஒரு வசனத்தோடு தொடங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, வசனம் தேடுவதற்காகத்தான் வேதத்தைத் திறந்தாள், சத்தியமாக அதற்காகத்தான். ஆனால் விரல்கள் அவளைக் கேட்காமல் நடுப்பகுதியைத் தாண்டித் தீர்க்கதரிசிகள் பக்கம் போயின. செவ்வாயிலிருந்து ஆறு நாளாக அந்தப் பக்கமே போகாமல் சுற்றி வந்த விரல்கள். வேதத்துலதாம்மா இருக்கு. இல்லாவிட்டால் இல்லை, இருந்தால்? இருந்தால் எங்கே இருக்கும்? ஒரு தீர்க்கதரிசி, சிறைப்பட்டவர்களோடு ஆற்றங்கரையில் இருந்தவர், வடக்கேயிருந்து ஒரு புயல், ஒரு மேகம், நெருப்பு. அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. முதல் அதிகாரத்தின் தலைப்பருகே பதினோரு சிவப்பு டிக், ஆண்டுக்கு ஒன்றாக, ஒழுங்காக. கீழே இருந்தது. நான்கு முகங்கள் இருந்தன. மனுஷ முகமும் சிங்க முகமும், எருது முகமும், கழுகு முகமும். சிறகுகளின் கீழே கைகள் இருந்தன. சக்கரத்துக்குள் சக்கரம் இருந்தது. வட்டங்கள் சுற்றிலும் கண்கள் நிறைந்திருந்தன. பாதங்கள், ஆண்டவரே, பாதங்கள் கன்றுக்குட்டியின் பாதங்களைப் போல என்றுதான் எழுதியிருந்தது, கன்றுக்குட்டிக்குக் குளம்புதானே, பிள்ளை அதைக்கூட விடவில்லை.

பியூலா அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அடிக்கோடு போட்டிருக்கிறாளே, அவளேதான், கடைசி வசனத்தில், தீர்க்கதரிசி முகங்குப்புற விழுந்து சத்தத்தைக் கேட்ட இடத்தில், ஸ்கேல் வைத்து. விழுந்ததற்குக் கோடு போட்டவள் எதைப் பார்த்து விழுந்தார் என்று பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? காலை நாலரைக்கு எழுந்து, இட்லி வேகிற நேரத்தில் நாளொன்றுக்கு நாலு அதிகாரம் கணக்காக ஓடினால்தான் வருஷம் முடியும்போது தேதி எழுத முடியும். குக்கர் சத்தத்துக்கு ஒரு காது, வசனத்துக்கு ஒரு கண். பதினோரு தரம் இந்தச் சக்கரங்களுக்கு முன்னால் வந்திருக்கிறாள், டிக் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கெசியா எப்போது வாசித்தாள்? யார் வாசிக்கச் சொன்னது? மனப்பாடப் பகுதியில் இது கிடையாது, ஞாயிறு பள்ளியில் யாரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை, கஷ்டமான அதிகாரம் என்று பெரியவர்களே தாண்டிப் போவார்கள். பிள்ளை தானாக வந்திருக்கிறாள். வந்து நின்றிருக்கிறாள். நெருப்புக் கக்குகிற பாம்பின் கதையை வாசித்து வாசித்து, இதைவிடப் பெரியது நம்மிடம் இருக்கிறதே என்று தேடிக்கொண்டு வந்தாளோ என்னவோ, கேட்டால்தானே தெரியும், யார் கேட்டார்கள்? ஒரே தரம் வாசித்த பதினோரு வயதுப் பிள்ளை இமை மயிர் முதற்கொண்டு பார்த்துவிட்டாள். இப்படிப் பார்க்கிற கண் எங்கிருந்து வந்தது? எனக்குப் பிறந்த கண், என்று பியூலா நினைத்தாள், நினைத்த அதே மூச்சில், அந்தக் கண்ணுக்கு ஒரு இஞ்ச் கீழே கன்னத்தில் என் ஐந்து விரல் பதிந்தது, என்றும் நினைத்தாள். வெட்கமும் பெருமையும் ஒன்றாக அடைத்துக்கொண்டு மூச்சு முட்டியது. இரண்டில் பெருமைதான் பெரிதாக இருந்தது, அதை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை, மார்புக்குள் அது பொங்கிப் பொங்கி வந்தது.

சாட்சி வேளை தொடங்கிவிட்டது. முதலில் வயசான ஒரு பாட்டையா மூட்டுவலி குறைந்ததைச் சொன்னார். அடுத்தது தான்தான். வேறு சாட்சி சொல்லிவிட்டால் என்ன? ஒற்றைத் தலைவலி போனதைச் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் இவள் என்ன சொன்னாலும் பாஸ்டர் பிள்ளையை அழைக்கத்தான் போகிறார், தாள் எரியத்தான் போகிறது. ஆராதனை முடிந்ததும் தனியாகப் போய் அவர் காதில் சொல்லலாம், அதற்குள் கை வைத்து ஜெபித்து முடித்திருப்பார்கள். உள்ளதைச் சொன்னால் தன் மானம் மட்டும் போகாது, பாஸ்டரம்மாவும் குளம்பைத் தொட்டுக் காட்டினார்களே, பாஸ்டரும் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாரே, அவர்களை எந்த முகத்தோடு பார்ப்பது? பதினோரு தேதியும் பின்னட்டையில் இருக்கின்றனவே, அவற்றை எங்கே கொண்டு வைப்பது? ஆமென், அல்லேலூயா, பாட்டையா உட்காருகிறார். சிஸ்டர் பியூலா வாங்க, என்று ஒலிபெருக்கியில் பாஸ்டரின் குரல். முன்னால் ஜமுக்காளத்தில் அந்த மெலிந்த முதுகு சட்டென்று விறைத்ததைப் பியூலா பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. வேதத்தில் விரலை அடையாளமாக வைத்து மூடிக்கொண்டு எழுந்தாள், கால் மரத்திருந்தது, பிள்ளைகளைத் தாண்டி நடந்தாள், மைக்கைக் கையில் வாங்கினாள்.

சபையாருக்கு ஸ்தோத்திரம் என்றாள். “என் மக வரைஞ்சது பிசாசுன்னு நான்தான் பாஸ்டரம்மாட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். அது பிசாசு இல்ல. தீர்க்கதரிசி ஆத்தங்கரையில கண்ட தரிசனம். பிள்ள அன்னைக்கே சொன்னா, வேதத்துல இருக்குன்னு. எனக்குத் தெரியாத வேதமான்னு கேட்டு அடிச்சேன். இப்பதான் உக்காந்த இடத்துல எடுத்துப் பாத்தேன்.” முதல் வரிசையில் பாஸ்டரம்மா முக்காட்டைச் சரிசெய்தார்கள். பியூலா அதிகாரத்தையும் வசனத்தையும் சொல்லி, எல்லாரும் எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். “அந்தக் கதைப் புஸ்தகத்தப் பத்தி இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லல. அதை நான் வாசிக்கல. வாசிச்சிட்டு வந்து சொல்லுதேன்.” இருநூறு வேதம் ஒன்றாகத் திறந்தது, தாள் புரளுகிற சத்தம் கூரை வரைக்கும் போயிற்று.

பாஸ்டரும் திறந்தார். நின்றபடி வாசித்தார், விரல் வரிக்கு வரி இறங்கியது, ஓர் இடத்தில் நின்றது, மறுபடி மேலே போய் இறங்கியது. பிறகு மேஜைத் தட்டுக்குள் கையை விட்டு அந்தத் தாளை எடுத்து வேதத்தின் மேல் வைத்துக்கொண்டு, அங்கே ஒரு பார்வை, இங்கே ஒரு பார்வை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். கெசியா, இங்க வாம்மா, என்று அவர் கூப்பிட்டார். பிள்ளை எழுந்து வந்தது, நழுவிய முக்காட்டைச் சரிசெய்யாமலேயே வந்தது. பாஸ்டர் அவள் தலையில் கை வைக்கவில்லை. குனிந்து மைக்கை அவள் பக்கம் நீட்டி, தாளைக் காட்டினார். “நாலு சக்கரம்னு போட்டிருக்கு. நீயும் நாலு வரைஞ்சிருக்க. மூணுலதான் கண்ணு இருக்கு, நாலாவதுல ஏம்மா இல்ல?”

கெசியா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். செவ்வாய்க்குப் பிறகு இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள். சொல்லு, என்று பியூலா தலையை அசைத்தாள்.

“அதுக்குள்ள அம்மா வந்துட்டாங்க ஐயா.”

ஒரு எழுத்தையும் விழுங்காமல், போட்டியில் வசனம் சொல்லுகிற அதே தெளிவோடு, தகரக் கூரை எதிரொலிக்கச் சொன்னாள். ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், ஜெயசிங்தான், அதன் பிறகு சபையே சிரித்தது. பியூலாவுக்குக் காது மடல் வரை சூடேறியது, கண் நிறைந்து வழிந்தது, ஆனால் அவள் தலையைக் குனியவில்லை. பார்க்கட்டும், என்று நினைத்தாள், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும், என் பிள்ளை.